ஷிப்ட் அம்மன் நின்ற பக்கம்

1

இந்தக் கதை ஒரு சிமென்ட் கட்டியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனிக்காலக் காலை ஒன்றில் மண்ணூர்ப் பக்கம் பேருந்து நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூட்டிக் கிடந்த கிடங்கின் மதிலோரம், புங்கை மரத்தடியில், சதுரமான கான்கிரீட் கட்டி ஒன்று மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தலையில் ஒற்றைச் செம்பருத்தியோடு உட்கார்ந்திருந்தது. கட்டடம் எழும்புகிற இடங்களில் கலவையின் பலத்தைச் சோதிக்க இப்படிக் கட்டிகளை வார்த்து வைப்பார்கள். சில வாரம் கழித்து இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். இது நசுங்காமல் தப்பியது. வார்த்த தேதியை யாரோ ஆணியால் கீறியிருந்தது மஞ்சளுக்கு அடியிலும் தெரிந்தது.

பேருந்து கிளம்பிவிட்டது. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் உண்டாக்கியது.

(கட்டியிலிருந்து அம்மனை உண்டாக்கியவர்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இங்கே ஒரு வாக்கியம் எழுதினேன். சாமர்த்தியமாக இருந்தது. அதனாலேயே அடித்தேன். அடித்த பிறகும் போக மறுக்கிறது.)

2

முதல் தொடக்கம்: ஆதியில் மனிதன் இடிக்குப் பயந்தான். அந்தப் பயத்திலிருந்துதான் கடவுள்—

வேண்டாம். இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். மண்ணூர் நிறுத்தத்தில் நிற்கும் பெண்கள் இடிக்குப் பயப்படுபவர்கள் அல்லர்.

இரண்டாம் தொடக்கம்: இசக்கிசெல்வி மூக்கைப் பொத்திக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

இது இருக்கட்டும். இசக்கிசெல்வி திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். ஒரகடத்துக்கு அருகே செல்போன் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. மண்ணூரில் வாடகை அறை, அதில் கூட இருப்பவள் ஊர்க்காரி பாண்டிச்செல்வி. கம்பெனி பஸ் அந்தப் புங்கை மரத்தடியில்தான் நிற்கும். ஆனால் அங்கே நிற்க முடியாது. லாரிக்காரர்களும் ஒயின்ஷாப்பிலிருந்து திரும்புகிறவர்களும் அந்த மதிலைத்தான் தேடி வந்து ஒதுங்குவார்கள். வாடை குடலைப் பிடுங்கும். அதனால் பெண்கள் சாலையின் எதிர்ப்பக்கம், நிழலும் விளக்கும் இல்லாத புழுதியில் நிற்பார்கள். பஸ் வந்ததும் டிரெய்லர்களுக்கு நடுவே இந்தப் பக்கம் ஓடி வருவார்கள். தினமும்.

வழி சொன்னது மெர்சி. மண்ணூரிலேயே பிறந்தவள், அதே லைனில் வேலை, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்.

"இன்னாடி இது, டெய்லி லாரிக்கு நடுவுல ஓடிக்கினு? செவுத்துல ஒரு சாமிய வைடி. எவன் ஜிப்ப தொறக்கறான்னு பாக்கலாம்."

"எந்தச் சாமிய?"

"எங்க ஏசுவ வச்சா அவரு மன்னிச்சுடுவாரு, இவனுங்க தெகிரியமா வருவானுங்க. உங்காளுங்கள்ல நல்ல கோவக்காரியா ஒண்ணு பாரு."

"எங்க ஊரு இசக்கி கோவக்காரிதான். ஆனா அவள இப்பிடிக் கூட்டியாரக் கூடாது. கோயில்ல பிடிமண் எடுத்து முறையாக் கொண்டாரணும்."

"அப்ப பேரில்லாத ஒண்ண வை."

பக்கத்தில் நின்றுபோன ஒரு கட்டட வேலையின் மிச்சங்களுக்கிடையே அந்தக் கட்டி கிடந்தது. இசக்கிசெல்வி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கைக்குழந்தையின் கனம். மரத்தடியில் இறக்கி, பையிலிருந்த முகம் கழுவும் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். மெர்சி தன் நெற்றிக்கு வைக்காத குங்குமத்தைக் கடைசி வீட்டுக்காரியிடம் கேட்டு வாங்கி வந்தாள். "ஷிப்ட் அம்மன்" என்று பெயரும் வைத்தாள், சிரித்துக்கொண்டே.

மதில் காய்ந்தது. பெண்கள் நிழலுக்கு வந்தார்கள்.

ஆக, என் கதையில் கடவுள் பயத்திலிருந்து வரவில்லை. நிற்க ஓர் இடம் வேண்டியிருந்ததிலிருந்து வந்தாள்.

3

இனி கனவைப் பற்றி எழுத வேண்டும். அதற்கு முன் பஸ்ஸின் உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஏறி உட்கார்ந்ததும் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். ஜன்னலில் சாய்ந்தும் பக்கத்துத் தோளில் சரிந்தும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டும். ஸ்ரீபெரும்புதூரின் லாட்ஜுகளும் கோயில் தெருவும் ஒரகடத்து மேம்பாலமும் அவர்களுடைய தூக்கத்தின் வெளியே மெல்ல நகரும். ஒரு பஸ் நிறைய ஒரே மூச்சு. விழித்திருப்பவர் டிரைவர் ஒருவர்தான். அதுவும் ஒரு நம்பிக்கைதான்.

(ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த மகான் ஒருவர் கோபுரத்தில் ஏறி ரகசிய மந்திரத்தை ஊருக்கே உரக்கச் சொன்னதாகக் கதை உண்டு. பஸ் அந்தக் கோயில் தெருவைத் தாண்டும்போது அதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். இடம் பார்த்து வைத்ததுபோல் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. எடுத்துவிட்டேன்.)

முதலில் கனவு கண்டவள் பாண்டிச்செல்வி. அம்மன் பஸ்ஸில் ஏறினாளாம். நீலச் சட்டை, தலைமுடியை மறைத்த தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை. அட்டையில் படம் இல்லை. உட்கார இடம் தேடிக்கொண்டே பாண்டிச்செல்வியிடம் கேட்டாளாம்: "ஏட்டி, எனக்கு இன்னைக்கு எந்த லைன்?"

"நீ என்ன சொன்ன?" என்றாள் இசக்கிசெல்வி.

"சூப்பர்வைசர்கிட்ட கேளுன்னேன். வேற என்ன சொல்ல?"

சிரித்தார்கள். அடுத்த வாரம், இவர்களிடம் பேசியே இராத வேறொருத்தி அதே கனவைச் சொன்னாள். நீலச் சட்டை, படமில்லாத அட்டை. சிரிப்பு நின்றது. ஒருத்திக்கு வேலை நிரந்தரமானது, ஒருத்தியின் தம்பிக்குக் காய்ச்சல் விட்டது. எலுமிச்சம்பழங்கள் வந்தன. சிவப்புத் துணி வந்தது.

இசக்கிசெல்விக்கு அது கல் என்று தெரியும். எங்கே கிடந்தது, எப்படி ஒரு மூலை உடைந்தது, எல்லாம் தெரியும். ஒருநாள் பஸ்ஸில் கண் சொருகியபோது நீலச் சட்டை அவள் பக்கத்திலும் வந்து உட்கார்ந்தது. சிமென்ட் ஈரத்தின் வாசனை. விழித்தபோது அவள் கைகள் தாமாகவே கூப்பியிருந்தன.

தான் வைத்ததைத் தானே கும்பிட அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கும் என்று எழுதினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். கூச்சம் எனக்குத்தான். அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

4

காசிராஜனை முதல் வரைவில் ஏமாற்றுக்காரனாக எழுதினேன். கம்பெனி பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர், நடுவயது, தடித்த மீசை, கண்ணில் கணக்கு. அரைப் பக்கத்திலேயே எனக்கு அலுத்துவிட்டது. ஏமாற்றுக்காரர்களை எழுதுவது சுலபம். அவர்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நாம் தூங்கப் போகலாம்.

இரண்டாம் வரைவில் வேலை அதேதான், ஆள் இப்படி இருக்கிறார்: பாண்டிச்செல்வியின் ஊருக்கு அடுத்த ஊர். அப்பா குடும்பக் கோயிலில் சாமியாடி. அப்பாவுக்குப் பின் அந்த உரிமை அண்ணனுக்குப் போயிற்று. காசிராஜன் ஊர்க்கோயிலின் ஒவ்வொரு கொடைத் திருவிழாவுக்கும் போய் நின்றார். ஒருமுறையும் அவர்மேல் எதுவும் இறங்கவில்லை. வெறும் உடம்போடு வடக்கே, இந்தப் பக்கம் வேலைக்கு வந்தார். மரத்தடியில் விளக்கேற்ற ஆள் இல்லை என்று அவராகவே எண்ணெய் கொண்டு வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, கற்பூரம் காட்டும்போது, அவர் முழங்கால் நடுங்கியது. பிறகு தோள். பிறகு ஒரு சத்தம். தெளிந்ததும் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதார். "எங்கப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துட்டு" என்றார்.

அழுகை உண்மை. எனவே நடுக்கமும் உண்மை. இந்தக் கதையில் எனக்கு உள்ள சிக்கலே அதுதான்.

அதிகாரம் எப்போது வந்தது என்று தேடிப் பார்த்தேன். விளக்கேற்றுகிறவரிடம் யாரோ ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "அண்ணாச்சி, என்னைக்கு மாலை போடலாம்?" நல்லெண்ணத்தில் அவர் ஒரு நாளைச் சொல்கிறார். அடுத்தவள் கொஞ்சம் பெரிய கேள்வியோடு வருகிறாள். ஒருமுறை பதில் சொன்னவர் மறுமுறை தெரியாது என்று சொல்ல முடியாது. கொடை எப்போது என்று கேட்டார்கள். கட்டியில் கீறியிருந்த தேதியைக் காட்டினார். "அம்மையே எழுதிக்கிட்டு வந்திருக்கா, பாருங்க" என்றார். கலவை வார்த்த தேதி அம்மனின் பிறந்தநாளாயிற்று. அடுத்த தை மாதத்தில் அந்தத் தேதியில் கொடை என்று முடிவானது.

பிறகு யாரும் கேட்காத ஒரு கேள்விக்கும் பதில் வந்தது.

"தீட்டுள்ள பிள்ளையள் இந்தப் பக்கம் நிக்கப்படாது. எதுத்தாப்புல நிக்கட்டும். அம்மை சொல்லுதா."

5

எதிர்ப்பக்கம் என்றால் எது என்று உங்களுக்குத் தெரியும். அதே புழுதி, அதே ஓட்டம். ஒரு வித்தியாசம்: முன்பு எல்லோரும் அங்கே நின்றார்கள். இப்போது நிற்பவள் ஏன் நிற்கிறாள் என்று பஸ் டிரைவருக்குத் தெரியும், டீக்கடைக்குத் தெரியும், பைக்கில் போகிறவனுக்குத் தெரியும்.

மெர்சி மட்டும் எப்போதும் மரத்தடியிலேயே நின்றாள். "எங்க பாஸ்டரும் பீரோ மாரி ஒரு ரூல் புக் வச்சிக்கினு கீறாரு. ஒரு ஆளு கையில மாட்டிக்கினது போதும், இன்னொருத்தருக்குக் கட்டுப்பட முடியாது" என்றாள். காசிராஜன் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவள் வேறு வேதம்.

இன்னொன்றை யாரும் எதிர்பார்க்கவில்லை. கடந்து போகிறவர்கள் கண்ணில் பட்டதுபோலவே, கடக்காதவர்களும் கண்ணில் படத் தொடங்கினார்கள். பாண்டிச்செல்வி வெகுநாளாக எதிர்ப்பக்கம் போகவில்லை. ஷிப்ட் மாறி மாறித் தூக்கம் கெட்டால் பலருக்கும் அப்படித் தள்ளிப்போகும் என்று கம்பெனி நர்ஸ் சொல்லியிருந்தார். ஆனால் நர்ஸ் பஸ் ஸ்டாப்பில் நிற்பதில்லை. பின்சீட்டில் பேச்சு கிளம்பியது: கல்யாணம் ஆகாத பிள்ளை, இத்தனை நாளாக மரத்தடியிலேயே நிற்கிறாள்.

ஒரு காலை பாண்டிச்செல்வி பையை எடுத்துக்கொண்டு சாலையைக் கடக்கப் போனாள்.

"ஏட்டி, எங்க போற? உனக்குத்தான் வரலையே."

"வரலைன்னு உனக்குத் தெரியும். அவியளுக்குத் தெரிய வேண்டாம்."

மூன்றாவது முறை அவள் அப்படிப் போய் நின்றபோது பனி அடர்ந்திருந்தது. பஸ்ஸின் விளக்கு தெரிந்ததும் ஓடி வந்தாள். கார்களை ஏற்றி வந்த டிரெய்லர் ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு அவள் பையை இடித்துக்கொண்டு போயிற்று. பை பறந்தது. தயிர்சோறு சாலையில் வெள்ளையாகச் சிதறியது. அவள் மரத்தடியில் வந்து நின்று, விரலை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டாள், எல்லாம் இருக்கிறதா என்பதுபோல.

அந்த வெள்ளிக்கிழமை காசிராஜனுக்கு அருள் வந்தது. "ஒரு பிள்ளை எங்கிட்ட பொய்யா நிக்கா. கொடைக்குள்ள அவளே வாயத் தொறக்கணும். இல்லன்னா நான் பேரச் சொல்லுவேன்."

அவர் இங்கே ஒரு பெயரைச் சொன்னால், மாலைக்குள் அது போனில் பாண்டிச்செல்வியின் அப்பாவுக்குப் போய்விடும். அப்பா வந்து கூட்டிக்கொண்டு போவார். கேள்வி இருக்காது. அவள் சொல்லும் எந்தப் பதிலும் அந்தப் பெயரை முந்திக்கொண்டு ஊருக்குப் போக முடியாது.

ஷிப்ட் முடிந்த மத்தியானம் இசக்கிசெல்வி டீக்கடையில் காசிராஜனைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, அவளுக்கு ஒண்ணும் இல்ல. நர்ஸம்மாகிட்ட வேணும்னா கேளுங்க."

"நானா பிள்ள சொல்லுதேன்? எனக்கு அந்நேரம் என்ன பேசுதேன்னே தெரியாது."

"அப்ப நாங்க யாருகிட்ட கேக்க?"

"அம்மைகிட்ட கேளு."

"கேட்டா நீங்கதான பதில் சொல்லுவிய?"

அவர் டீயை வைத்துவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. உண்மையாகவே வருத்தம்தான் இருந்தது. இசக்கிசெல்வி தன்னிடமிருந்த கடைசியையும் எடுத்தாள்.

"அது சாமி இல்ல அண்ணாச்சி. கட்டடத்துல கிடந்த கட்டி. நாந்தான் தூக்கியாந்து வச்சேன், நாத்தத்துக்காவ."

"தெரியும் தாயி. மெர்சி அன்னைக்கே சொல்லிட்டா." அவர் கண் கலங்கியது. "அவளுக்கு வரணும்னு தோணிருக்கு. உன் இடுப்பு கிடைச்சிருக்கு."

6

உண்மையைச் சொன்னால் கதை முடிந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். இப்போது வேறு முடிவுகளைத் தேட வேண்டும்.

முதல் முடிவு: அவள் கட்டியை ஏரியில் போட்டுவிடுகிறாள். நீரில் வளையங்கள் விரிகின்றன— அழகாக எழுத வரும். ஆனால் கட்டி போனால் மதிலுக்கு ஆண்கள் திரும்பி வருவார்கள். அல்லது, கட்டி இருந்த பள்ளத்தைக் கும்பிடுவார்கள். ஊர்ப்பேச்சு நிற்காது. பாண்டிச்செல்விக்கு இதில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் முடிவு: எல்லாப் பெண்களும் ஒன்றாக எதிர்ப்பக்கம் போய் நிற்கிறார்கள். இதை எழுதிவிட்டு மெர்சியிடம் கேட்டேன். (கதாபாத்திரத்திடம் கேட்கலாமா என்றால், காசிராஜன் கட்டியிடம் கேட்கிறாரே.) அவள் சொன்னாள்: "நாலு பேரு வருவாளுங்க. மீதிப்பேரு தூங்கிக்கினு கீறாளுங்க. உன் ஆசைக்கு எழுதாத."

மூன்றாம் முடிவு: இசக்கிசெல்வி தனக்கு அருள் வந்ததாக ஆடுகிறாள். பெயரிலேயே இசக்கி இருக்கிறது, நம்புவார்கள். "என் பிள்ளை மேல பழி சொல்லாத" என்று அலறினால் பாண்டிச்செல்வி தப்பிப்பாள். இதில் நீண்ட நேரம் நின்றேன். இசக்கிசெல்வியும் அறையில் கண்ணாடிமுன் நின்று கூந்தலை அவிழ்த்துப் பார்த்தாள். பிறகு முடிந்துகொண்டாள். அடுத்த வெள்ளி யாராவது ஒருத்தி அவளிடம் வந்து ஏதாவது கேட்பாள். அவள் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் யாரை எங்கே நிற்க வைக்கும் என்று—

இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.

கொடைக்கு முந்தின நாள் பஸ்ஸில் அவளுக்கு மறுபடி அந்தக் கனவு வந்தது. நீலச் சட்டை உட்காரவில்லை. அவள் முன்னால் நின்று, தூக்கச் சொல்லும் குழந்தைபோல இரண்டு கைகளையும் உயர்த்தியது.

"ஏட்டி, தூக்கு."

"இன்னைக்கு நான் தொடக்கூடாது. எனக்குத் தீட்டு."

"யாரு சொன்னா?" என்றாளாம் அம்மன். உண்மையாகவே தெரியாமல் கேட்கிற குரலில்.

7

கொடை நாள் காலை. முதல் ஷிப்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கும் நேரம். பனியில் சீரியல் விளக்குகள் கரைந்து தெரிந்தன. புங்கை மரத்தில் மாவிலைத் தோரணம். பொங்கல் பானை தயார். மரத்தடியில் சிவப்புத் துணி இருந்தது, விளக்கு இருந்தது. நடுவில் ஈரம் படாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

பனி சற்று விலகியபோது எதிர்ப்பக்கம் பார்த்தார்கள். புழுதியில், விளக்கில்லாத இடத்தில், மஞ்சள் முகத்தைச் சாலையை நோக்கி வைத்து ஷிப்ட் அம்மன் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் பாண்டிச்செல்வி. இன்னொரு பக்கம் இசக்கிசெல்வி. சற்றுத் தள்ளி அன்றைக்கு ஒதுங்கி நின்ற வேறு சிலர். மெர்சியும் அங்கே இருந்தாள், காரணம் எதுவும் இல்லாமல்.

இசக்கிசெல்வியின் இடது இடுப்பில், சுடிதாரின் மேல், மஞ்சள் அப்பியிருந்தது.

அவள் தூக்கினாள் என்ற வாக்கியத்தை நான் எழுதவில்லை. எழுதி அடித்துவிடவும் இல்லை, பேனா அந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டது. அவளிடம் கேட்டால் கனவைத்தான் சொல்வாள். மஞ்சளை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். அதற்குமேல் உங்கள் இஷ்டம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு: மரத்தடியில் காசிராஜன் வெறுங்காலோடு, கற்பூரத் தட்டோடு நிற்கிறார். பூஜை செய்ய வேண்டுமென்றால் அவர் சாலையைக் கடக்க வேண்டும். அவரைச் சுற்றி நிற்பவர்கள் அவர் வாயையே பார்க்கிறார்கள். அது தீட்டுப்பட்ட கல், ஒதுக்குங்கள் என்று அவர் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அப்பாவுக்கு வந்தது அவருக்கும் வந்தது என்பது பொய்யாகிவிடும். அம்மை தன் பிள்ளைகளோடு போய் நின்றுகொண்டாள் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் சொல்லப்போவதாக இருந்த அந்தப் பெயரை இனி அவர் சொல்ல முடியாது. அவர் உடம்பு இன்னும் நடுங்கவில்லை. ஒருவேளை முதன்முறையாக அவரே பேச வேண்டியிருக்கிறது.

அவர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து என்ன சொன்னார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால், கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்கிற இன்னொருத்தியாகிவிடுவேன்.

ஆனால் அவசரம் வேண்டாம். அவர் இன்னும் கடக்கவில்லை. வலப்பக்கம் பார்க்கிறார், இடப்பக்கம் பார்க்கிறார். ஒரு காலை எடுத்து வைத்துப் பின்வாங்குகிறார். கண்டெய்னர் லாரி ஒன்று உரசிக்கொண்டு போகிறது. கற்பூரம் அணைகிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்து மெர்சி வாயைக் குவித்துக் கத்துகிறாள்:

"அண்ணே, பாத்து! பனில லாரிக்காரனுக்கு ஒண்ணியும் தெரியாது. நாங்க டெய்லி ஓடறோம்ல, அப்டி ஓடி வா!"